தத்துக் குழந்தையோடு நேரே வீட்டுக்கா, கொஞ்சம் இருந்துவிட்டா?

வெளிநாட்டில் தத்தெடுத்தவர்களுக்கு நீதிமன்றத் தீர்ப்பு கைக்கு வந்ததுமே இந்தக் கேள்வி வந்துவிடும். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, விடுப்பும் மிச்சம் இருக்கிறது. விசா வந்ததும் கிளம்புவதா, இங்கேயே சில வாரம் இருப்பதா, இல்லை போகிற வழியில் இன்னொரு நாட்டையும் எட்டிப் பார்ப்பதா? என் ஓட்டு இரண்டாவதற்கு, அதாவது இங்கேயே சில வாரம் இருப்பதற்கு.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம், காகிதத்திலேயே பாதி அடிபட்டுப் போகிற யோசனை அது. வீடு போய்ச் சேரும்வரை குழந்தையின் பெயரில் இருப்பது பெரும்பாலும் பிறந்த நாட்டு பாஸ்போர்ட்தான். பெற்றோருக்கு விசாவே வேண்டாத நாட்டில்கூட மடியில் இருக்கும் எட்டு மாதப் பிள்ளைக்கு விசா வேண்டியிருக்கும். விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுவதற்குக்கூடச் சில நாடுகள் டிரான்சிட் விசா கேட்கும், அதையும் குழந்தையின் குடியுரிமையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் ஒப்பந்தத்தின் 23-ஆவது பிரிவுப்படி கிடைக்கும் சான்றிதழை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும். ஆனால் இது உங்கள் பிள்ளை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி, விசாவுக்கு ஈடாகாது. அமெரிக்கப் பெற்றோரை எடுத்துக்கொண்டால், வெளிநாட்டிலேயே தத்தெடுப்பு முழுமையாக முடிந்த குழந்தைக்கும் வழக்கமாக அமெரிக்காவில் குடியேற்ற விசாவோடு நுழையும்போதுதான் குடியுரிமை வருகிறது. அதற்கு முன் நடுவழியில் பாஸ்போர்ட் தொலைந்தால் நீங்கள் ஒரு தூதரகத்துக்கும் பிள்ளைக்காக வேறொரு தூதரகத்துக்கும் ஓட வேண்டும். மூன்றாம் நாட்டில் தாத்தா பாட்டி காத்திருக்கிறார்கள் என்றால், வீட்டுக்குப் போய்ப் புது பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு பிறகு போங்கள்.

சரி, நேரே வீட்டுக்குப் போனால்? குழந்தைக்கு அவசர சிகிச்சை தேவை என்றால் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை, கிளம்புங்கள். மற்றவர்களுக்கும் இதில் லாபம் உண்டு: சொந்த மருத்துவர், சொந்த மொழி, கூடமாட ஒத்தாசைக்கு ஆள். ஆனால் வளர்த்த கையிலிருந்து புதுக் கைக்கு மாறிய சில நாளிலேயே நீண்ட விமானப் பயணம், இரவு பகல் மாறின தூக்கம், அப்புறம் வாசலில் கூடி நிற்கும் சொந்தக்காரர்கள். ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சுவார்கள், அன்பாகத்தான். இதில் யார் அம்மா, யார் அப்பா என்று அந்தப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

அங்கேயே தங்குவதில் இந்தக் கூட்டம் இல்லை. ஒரே அறை, இரண்டே முகம். பால் கொடுப்பதும் துணி மாற்றுவதும் தூங்க வைப்பதும் அந்த இருவர் மட்டுமே. பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் பல நாடுகளில் எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும், அந்த நாட்களை இதற்கு வைத்துக்கொள்ளலாம். முதல் சில இரவுகளில் சில குழந்தைகள் அழவே அழாது. விழித்துக்கொண்டு உத்தரத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கும். சாது என்று பெற்றோர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். அழுதால் ஆள் வரும் என்று இன்னும் தெரியாத பிள்ளையாகவும் அது இருக்கலாம். பழைய இடத்தில் புழங்கிய துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, துவைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டால், தூக்கி அணைக்கும்போது பழகின வாசனையாவது கூட இருக்கும்.

தங்குவதென்றால் ஓட்டலைவிடச் சமையலறை உள்ள வாடகை வீடு மேல். குழந்தைகளுக்கான பால் பவுடர் கிருமியற்ற பொருள் இல்லை. கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள், அதாவது அரை மணிக்குள், கலக்க வேண்டும். கலக்கி ஆறவைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கூடவே, பிள்ளை குடித்துப் பழகிய பவுடரையே கொஞ்ச நாள் தொடருங்கள். ஊரும் ஆளும் மாறுகிற வாரத்தில் பாலையும் மாற்றினால் வயிறு தாங்காமல் போகலாம். பகலில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள், ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு.

இதற்கும் குறை இல்லாமல் இல்லை. இருவரில் ஒருவருக்கு விடுப்பு தீர்ந்துவிடும், முன்னால் போக வேண்டியிருக்கும். அப்படியானால் திரும்பும் விமானத்தில் தனியாக வருபவர் முன்வரிசைத் தொட்டிலை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அதற்கு எடை வரம்பு உண்டு, விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டு வயதுக்குள் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாலும், பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டுமென்றால் தனி இருக்கை எடுத்துவிடுவது கைக்கு நல்லது. ஒரு வேளைப் பால் கொடுப்பதை விமானம் இறங்கத் தொடங்கும் நேரத்துக்குத் தள்ளி வையுங்கள், சப்பிக்கொண்டே இருந்தால் காது அடைப்பது குறையும். தீர்ப்பின் நகல், கையில் எடுத்துச் செல்லும் பையிலேயே இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரும் பிள்ளையின் பெயரும் ஒத்துவராமல் போனால் கவுன்டரில் முதலில் கேட்பது அதைத்தான்.