வகுப்பறைக்கு எந்த கேம்? காஹூட், பிளிக்கர்ஸ், மைன்கிராஃப்ட், ஃபெட், கெர்பல்: ஓர் அலசல்

வீடியோ கேம் வைத்துப் பாடம் நடத்துவது நேற்று வந்த யோசனை அல்ல. 1971 டிசம்பரில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக நண்பர்கள் இருவருடன் சேர்ந்து 'ஆரிகன் டிரெயில்' கேமை உருவாக்கினார். திரை கூடக் கிடையாது. டெலிடைப் எந்திரம் நடப்பதையெல்லாம் காகிதத்தில் அடித்துத் தள்ளும். மாட்டுவண்டி கட்டி மேற்கே குடிபெயரும் குடும்பமாகத் தங்களை வைத்துக்கொண்டு, கையிருப்பில் மாட்டுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு என்று மாணவர்கள் பிரிக்க வேண்டும். கணக்குத் தப்பினால் பாதி வழியில் சாவுதான். அந்த மண்ணின் பூர்வகுடிகள் பக்கத்தை அது சரியாகச் சொல்லவில்லை என்ற விமர்சனம் பின்னாளில் வந்தது, நியாயமானதும்கூட. ஆனால் ஒரு விஷயத்தை அது அன்றைக்கே பிடித்துவிட்டது: ஜெயிக்க வேண்டுமென்றால் பாடத்தில் வருகிற அதே நெருக்கடியைச் சமாளித்தாக வேண்டும்.

இன்று 'கல்வி கேம்' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அப்படி இல்லை. ஆட்டம் தனியாக ஓடும், நடுவில் டோல்கேட் மாதிரி ஒரு கேள்வி நிற்கும்; பதிலைக் கட்டிவிட்டுப் போகலாம். ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் முதலில் பார்ப்பது, ஜெயிப்பதற்குப் பாடம் தேவைப்படுகிறதா என்பதைத்தான். அப்புறம் நம் வகுப்பறையின் நிலவரம்: 40 பிள்ளைகள், 45 நிமிட பீரியட், ஒரு ப்ரொஜெக்டர், வந்தால் வரும் இணையம். நான் இயற்பியல் ஆசிரியர், என் சாய்வு அந்தப் பக்கம் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காஹூட்டா, பிளிக்கர்ஸா?

காஹூட் நார்வேக்காரர்களின் தயாரிப்பு, 2013-ல் வந்தது. கேள்வி பெரிய திரையில், பதில் பிள்ளைகள் கையிலிருக்கும் போனில், வண்ணப் பொத்தான்களாக. இசை ஓட ஓட வகுப்பே எழுந்து நின்றுவிடும், அதில் சந்தேகமே இல்லை. பிரச்சினை மதிப்பெண் போடும் விதத்தில் இருக்கிறது. ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1000 புள்ளி, அதில் பாதி வேகத்துக்கு. 20 விநாடி கொடுத்த கேள்விக்கு ஒரு பெண் 2 விநாடியில் சரியாக அழுத்தினால் 950. இன்னொரு பையன் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்து, 18-வது விநாடியில் அதே சரியான பதிலை அழுத்தினால் 550. இருவருக்கும் பாடம் தெரியும். ஆனால் முதல் ஐந்து பேர் பட்டியலில் அவன் பெயர் வராது. நாலாவது கேள்விக்குள் அவன் யோசிப்பதை நிறுத்திவிட்டு வண்ணத்தைப் பார்த்து அழுத்த ஆரம்பித்துவிடுவான்.

இதற்குச் சின்ன வைத்தியம் உண்டு. நேரத்தை 60 விநாடியாக மாற்றினால் அதே 18-வது விநாடிப் பதிலுக்கு 850 கிடைக்கும். காஹூட் பயன்படுத்துகிறவர்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அந்த நேர அமைப்புதான்.

நம்மூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் போன் கொண்டுவர அனுமதி இல்லை என்பது இதைவிடப் பெரிய சிக்கல். அங்கேதான் பிளிக்கர்ஸ் ஜெயிக்கிறது. ஆளுக்கு ஓர் அட்டை, அதில் கியூஆர் கோடு போல ஒரு கறுப்பு வடிவம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எந்தப் பதிலோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிடித்தால், ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒருமுறை சுழற்றினால் போதும், யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துத் திருப்புவது கஷ்டம். வேகத்துக்குப் புள்ளி இல்லை. 40 அட்டையை ஏ4 தாளில் அச்சடித்தால் வருடம் முழுக்க ஓடும். இசையும் ஆரவாரமும் இருக்காதுதான். ஆனால் கடைசி பெஞ்சிலிருந்தும் பதில் வருகிறது. என் ஓட்டு பிளிக்கர்ஸுக்கு.

பெங்களூரில் 2015-ல் தொடங்கிய குவிசிஸ் (2025 முதல் அதன் பெயர் வேகிரவுண்ட்) இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். அவரவர் வேகத்தில் போகலாம், ஆனால் அதற்கு ஆளுக்கொரு கருவி வேண்டும்.

எதை எடுத்தாலும் இவை மூன்றும் திருப்புதலுக்கு மட்டும்தான். தெரிந்ததைச் சோதிக்கும், தெரியாததைச் சொல்லித்தராது.

அணுவைக் கட்டுவது: மைன்கிராஃப்டும் ஃபெட்டும்

ஒன்பதாம் வகுப்பு 'அணு அமைப்பு' பாடத்தை எடுத்துக்கொள்வோம், இரண்டிலும் அது இருக்கிறது.

கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் கேமான மைன்கிராஃப்ட், பள்ளிகளுக்கான தனிப் பதிப்பாக 2016 நவம்பரில் வந்தது. அதற்கு முன் பின்லாந்தைச் சேர்ந்த டீச்சர்கேமிங் நிறுவனம் நடத்திவந்த 'மைன்கிராஃப்ட்எடு'வை மைக்ரோசாஃப்ட் வாங்கி அதன்மேல் கட்டியது. இதில் தனிமங்களை உருவாக்க ஒரு பெட்டி உண்டு: புரோட்டான் 2, நியூட்ரான் 2, எலக்ட்ரான் 2 போட்டால் ஹீலியம். இன்னொரு பெட்டியில் கார்பன் 5, ஹைட்ரஜன் 8 போட்டால் ரப்பர் பால். இரண்டையும் ஒரு சாயத்தோடும் கயிற்றோடும் சேர்த்தால் பலூன். அதை ஒரு மாட்டின் மேல் கட்டினால் மாடு வானத்தில் போய்விடும். பிள்ளைகள் அந்த மாட்டை வருடம் முழுக்கப் பேசுவார்கள். ஆனால் கார்பன் ஏன் ஹைட்ரஜனோடு சேர்ந்தது, பிணைப்பு எப்படி உண்டாயிற்று என்பதைப் பற்றி அந்தப் பெட்டி வாயே திறக்காது. அது சமையல் குறிப்பு, வேதியியல் அல்ல.

ஃபெட் பார்க்க வெகு சாதாரணமாக இருக்கும். 2001-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இலவச சிமுலேஷன் திட்டம் அது; அறிவியல் சோதனைகளைக் கணினித் திரையிலேயே செய்து பார்க்கலாம். அதன் அணு சிமுலேஷனில் வெள்ளைத் திரை, மூன்று கிண்ணத்தில் மூன்று வகைத் துகள். இரண்டு புரோட்டானை மட்டும் நடுவில் கொண்டுபோய் வையுங்கள். 'ஹீலியம்' என்று பெயர் வரும், ஆனால் அணுக்கரு நடுங்கிக்கொண்டே இருக்கும், 'நிலையற்றது' என்று காட்டும். ஒரு நியூட்ரானைச் சேர்த்தால் நடுக்கம் நின்றுவிடும். "ஏன் சார் நின்னுச்சு?" என்ற கேள்வி தானாக வரும். ஒரு பாடம் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் ஏது? அதற்குப் பிறகு அதிலேயே ஒரு விளையாட்டுப் பகுதியும் இருக்கிறது, படத்தைப் பார்த்து நிறை எண், மின்சுமை சொல்ல வேண்டும். துகள்களை எண்ணத் தெரியாமல் அதில் புள்ளி எடுக்க முடியாது.

மின்சுற்றுக்கான ஃபெட் இன்னும் பிரமாதம். பேட்டரியின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். நிஜ ஆய்வகத்தில் நாம் செய்ய விடாததை இங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். நாணயம், பென்சில், அழிப்பான் என்று ஒவ்வொன்றாகச் சுற்றில் மாட்டி, விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம்.

செலவிலும் போட்டியே இல்லை. மைன்கிராஃப்டுக்கு ஆள் கணக்கில் ஆண்டுச் சந்தா, ஓரளவு நல்ல கணினி, ஒவ்வொருவருக்கும் கணக்கு. ஃபெட் ஒவ்வொன்றும் ஒற்றைக் கோப்பாக இறங்கும். பென்டிரைவில் போட்டுக்கொண்டால் இணையமே வேண்டாம். சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது.

அதற்காக மைன்கிராஃப்டை ஒதுக்கவும் முடியாது. அதன் பலம் வேதியியல் அல்ல, கட்டுமானம். ஐ.நா.வின் குடியிருப்புத் திட்டம் 2012 முதல் அந்த கேமை உருவாக்கிய மோஜாங்குடன் சேர்ந்து, தெருவையும் பூங்காவையும் அங்கே வாழ்பவர்களையே மைன்கிராஃப்டில் வடிவமைக்கச் சொல்கிறது. அதைப் பள்ளியில் செய்யலாம்: ஊர்ப் பேருந்து நிலையத்தை அளந்து வந்து, ஒரு மீட்டருக்கு ஒரு கட்டி என்று கட்டச் சொன்னால், அளவுவிகிதமும் கன அளவும் தானாக வரும். பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலின் லாஜிக் கேட்களுக்கும் அது பொருந்தும். ரெட்ஸ்டோன் என்பது அந்த கேமில் மின்சாரம் போல வேலை செய்யும் பொருள்; ரெட்ஸ்டோன் தீப்பந்தம் தான் ஒட்டியிருக்கும் கட்டிக்கு மின்சாரம் வந்தால் அணைந்துவிடும், அதுவே உள்ளீட்டைத் தலைகீழாக்கும் நாட் கேட். இதற்கெல்லாம் ஒரு பீரியட் பத்தாது, நாலைந்து வாரம் ஒதுக்க முடிந்தால் மட்டும் தொடுங்கள்.

கெர்பல்: பாடமே விதியாக இருக்கும் கேம்

மெக்சிகோ நகரத்து நிறுவனம் ஒன்று செய்த ராக்கெட் கேம், 2015-ல் முழுமையாக வெளியானது. பள்ளிக்காக எழுதப்படவே இல்லை. ஆனாலும் என் முதல் அளவுகோலில் இதைத் தாண்டி எதுவும் நிற்காது.

யாரும் முதலில் செய்வது பெரிய எஞ்சின் வைத்து நேராக மேலே விடுவது. ராக்கெட் 70 கிலோமீட்டரில் வளிமண்டலத்தைத் தாண்டும், எரிபொருள் தீரும், அப்படியே திரும்பி வந்து விழும். விண்வெளிக்குப் போய்விட்டால் அங்கேயே மிதக்கும் என்ற நம்பிக்கை அந்த நிமிடத்தில் உடையும். சுற்றுப்பாதைக்கு உயரம் போதாது, பக்கவாட்டு வேகம் வேண்டும் என்பதை வாயால் சொல்லிப் புரிய வைக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன்.

அந்த கேமின் கிரகமான கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டர், தரைமட்ட ஈர்ப்பு முடுக்கம் நம் பூமியின் அதே 9.81. புத்தகத்தில் உள்ள விடுபடு வேக (கிரகத்தின் ஈர்ப்பிலிருந்து தப்பிக்கத் தேவையான வேகம்) சூத்திரத்தில் போட்டால், காற்றைக் கணக்கில் எடுக்காமல், விநாடிக்குச் சுமார் 3,431 மீட்டர். பூமிக்கு 11.2 கிலோமீட்டர் என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, வேறொரு கிரகத்துக்கு அதே சூத்திரத்தைப் போடும் அனுபவம் இது. 80 கிலோமீட்டர் உயரத்துச் சுற்றுப்பாதைக்கு 2,280 அளவில் வரும், கேம் திரை காட்டும் எண்ணோடு ஒத்துப்போகும்.

குறை என்ன? கீபோர்டில் எந்த விசை எதற்கு என்று பழகவே இரண்டு பீரியட் போய்விடும். கணினியும் கொஞ்சம் திடமாக இருக்க வேண்டும். ஆகவே மொத்த வகுப்புக்கு ஆளுக்கொரு கெர்பல் என்பது நடக்காது. ப்ரொஜெக்டரில் ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் எந்த உயரத்தில் சாய்ப்பது என்று சண்டை போடுவது நடக்கும், அதுவே போதும்.

பிரமாண்டம் வேண்டுமென்றால்

அசாசின்ஸ் கிரீட் கேமின் சண்டையில்லாத 'டிஸ்கவரி டூர்' 2018-ல் பண்டைய எகிப்தோடு தொடங்கியது. பிரமிடுக்குள் நடந்து போகலாம். நிர்வாணச் சிலைகளுக்குச் சிப்பி ஒட்டி மறைத்த கூத்தும் அதில்தான். அழகு, ஆனால் செய்வதற்கு அதிகம் இல்லை, சுற்றிப் பார்ப்பதுதான். அதற்குத் தேவைப்படும் கணினி விலையில் ஒரு சின்ன ஆய்வகமே வைத்துவிடலாம்.

கல்வி ஆய்வாளர் டக்ளஸ் கிளார்க் குழுவினர், பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2016-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது. கேம் வைத்துக் கற்ற மாணவர்கள் சராசரியாக ஓரளவு முன்னே இருந்தார்கள். ஆனால் ஒரே அமர்வில் முடிந்த ஆட்டங்களில் பலன் பெரிதாகத் தெரியவில்லை; பல அமர்வுகளாக ஆடியவற்றில் தெரிந்தது. நிஜம்போல் ஜொலிக்கும் படங்களைவிட எளிய கோட்டுப்படம் போன்றவை நன்றாகவே செய்தன.

எனவே ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள் 'இன்னிக்கு கேம்' என்று ஒருமுறை போட்டுவிட்டு விடுவதில் அர்த்தமில்லை. இதே அணுப் பாடத்துக்கு ஃபெட்டை மூன்று பீரியடில் பத்துப் பத்து நிமிடம் திறந்து, மூன்றாவது பீரியடின் முடிவில் பிளிக்கர்ஸ் அட்டையை எடுத்தால் போதும். கெர்பல் சனிக்கிழமைக்கு இருக்கட்டும்.