ஃப்ரீ கவுன்சிலிங்னு நம்பிப் போனோம், ரெண்டு ஸ்டார்

தம்பி மெக்கானிக்கல் முடிச்சவன், ஜெர்மனில மாஸ்டர்ஸ் பண்ணணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான், அதான் சென்னைல ஒரு அப்ராட் கன்சல்டன்சிக்கு அப்பாவையும் கூட்டிட்டு போனோம். பேர் வேணாம். ஏசி காபி எல்லாம் நல்லாருந்துச்சு, அதுக்கு ஒரு ஸ்டார். கவுன்சிலர் பொண்ணு கலர் பிரிண்ட்அவுட்ல பச்ச ஹைலைட்டர் வச்சு நாலு காலேஜ் டிக் அடிச்சு குடுத்துச்சு. நாலுமே பிரைவேட்! தம்பி மெதுவா "அரசு யூனிவர்சிட்டில ஃபீஸே இல்லையாமே மேடம்"னு கேட்டான், "அதெல்லாம் சீட் கெடைக்கறது கஷ்டம் தம்பி"ன்னு அடுத்த பக்கத்த திருப்பிருச்சு.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் உக்காந்து தேடுனேன். அங்க பெரும்பாலான அரசு யூனிவர்சிட்டில ட்யூஷன் ஃபீஸ் கெடையாது. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல மட்டும் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு 2017ல இருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டியும் 2024ல இருந்து வாங்குது. அப்பதான் மண்டைல ஏறுச்சு, பிள்ளைய சேத்துவிட்டா கமிஷன் குடுக்கறது பிரைவேட் காலேஜ், ஃபீஸே வாங்காதவன் எங்கேர்ந்து குடுப்பான்?

நெஜமான செலவு பிளாக்ட் அக்கவுன்ட்தான், அதாவது விசாவுக்காக காசப் பூட்டி வைக்கற அக்கவுன்ட், அங்க போனதும் மாசாமாசம்தான் எடுக்க முடியும். மாசம் 992 யூரோ கணக்குல வருஷத்துக்கு 11,904 யூரோ முன்னாடியே போட்டு காட்டணும், நம்ம காசுக்கு பத்து லட்சத்துக்கு மேல, அத பொரட்ட முடியாத வீட்டுப் பையனுக்கு படிப்பு ஃப்ரீயா இருந்து என்ன புண்ணியம். இதப் பத்தி அந்தப் பொண்ணு வாயே தொறக்கல. நம்ம டிகிரி நெஜந்தானான்னு பாத்து குடுக்கற ஏபிஎஸ் சர்டிபிகேட்டுக்கு 18,000 ரூபா தனி.

எங்க மாமா வேற "படிச்சவனெல்லாம் ப்ளேன் ஏறிட்டா இங்க யாருடா இருப்பா"ன்னு ஆரம்பிச்சிட்டாரு. பிலிப்பைன்ஸ் நர்ஸுங்கள பத்தி ஒரு ரிசர்ச் இருக்கு மாமா, 2000க்கு அப்புறம் அமெரிக்கா விசாவ அள்ளி குடுத்தப்ப ஒரு நர்ஸ் கெளம்புனதுக்கு ஊர்லயே கூடுதலா ஒம்போது பேர் நர்ஸ் லைசன்ஸ் வாங்கிருக்காங்கன்னேன். காலேஜுங்களும் சீட்ட ஏத்துனாதான் அது நடக்கும், அது வேற கத. ஆனா எங்க தெரு மாடி ரூம்ல ஜெர்மன் கிளாஸுக்கு வெளிய கெடக்கற செருப்ப பாத்தா நம்பத்தான் தோணுது.

எஸ்ஓபி, அதான் ஏன் இந்தப் படிப்புன்னு காலேஜுக்கு எழுதற லெட்டர், அத கன்சல்டன்சில திருத்தி குடுத்தது மட்டும் உருப்படி, அதுக்கு இன்னொரு ஸ்டார். தம்பி இப்ப ஜெர்மன் யூனிவர்சிட்டிங்களுக்கு அப்ளிகேஷன் வாங்கற யூனி அசிஸ்ட் சைட்ல அவனே அப்ளை பண்றான், முதல் அப்ளிகேஷனுக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30.

கன்சல்டன்சிக்காரங்க இன்னும் விடல, வாரத்துக்கு ரெண்டு போன், "அங்கிள் டிசைட் பண்ணிட்டாரா?"