வி. எஸ். ராமச்சந்திரனின் ரீத் சொற்பொழிவுகள்: ஒரு மதிப்புரை

நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 2003ஆம் ஆண்டு, பிபிசி வானொலி ஆண்டுதோறும் ஓர் அறிஞரை அழைத்து நடத்தும் ரீத் சொற்பொழிவுத் தொடரில் ஆற்றிய ஐந்து உரைகளையும் பிபிசி இணையதளத்தில் கட்டணமின்றிக் கேட்கலாம். சென்னையில் மருத்துவம் பயிலும் அனைவரும், குறிப்பாக வார்டில் கேஸ் எடுக்க, அதாவது நோயாளியிடம் கேட்டும் பரிசோதித்தும் நோயை அறிய, பழகிக்கொண்டிருப்பவர்கள், இவற்றை அவசியம் கேட்க வேண்டும் என்று கருதுகிறேன்.

முதல் சொற்பொழிவே தொடரின் உச்சம். கையை இழந்தவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டால், இல்லாத கையில் தொடுவுணர்வு எழுகிறது. மூளையின் உடல் வரைபடத்தில் முகத்துக்குரிய பகுதியும் கைக்குரிய பகுதியும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், உணர்வு வரத்து நின்றுபோன இடத்தை முகத்தின் உணர்வுகள் பிடித்துக்கொள்கின்றன என்று அவர் விளக்குகிறார். விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி, நோயாளியின் சொல்லை நம்பி, அதையே சோதனையாக மாற்றும் இந்த முறையில், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அவர் பெற்ற பயிற்சியின் தடத்தை நான் காண்கிறேன்.

அரசியலமைப்பை வரைந்தவர்களுள் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரனான அவர், ஸ்டான்லியில் மாணவராக இருக்கும்போதே, 1972இல், இரு கண் பார்வை பற்றிய ஆய்வுக் கட்டுரையை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம், கால்டெக் எனப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வுப் பணி, 1983 முதல் சான் டியாகோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பணி என்று அவரது பாதை நீண்டது. தொண்ணூறுகளில் மாய உறுப்புகளின் (இழந்த பிறகும் இருப்பதாகவே உணரப்படும் கைகால்களின்) பக்கம் திரும்பும்வரை அவரது ஆராய்ச்சி பெரிதும் காட்சியுணர்வைச் சார்ந்தே இருந்தது. இல்லாத உறுப்பில் எழும் மாய வலிக்கு, இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் காட்டும் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியை அவர் மருந்தாக்கியது, கண் மூளையை எவ்வளவு எளிதாக நம்பவைக்கும் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்ததன் விளைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. பிற்கால ஆய்வுகளில் அந்தச் சிகிச்சை எல்லோருக்கும் ஒரே அளவில் பயன்படவில்லை என்பதையும் கேட்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கலையைப் பற்றிய மூன்றாவது சொற்பொழிவில் சோழர் காலப் பார்வதி செப்புத் திருமேனியை அவர் எடுத்துக்கொள்ளும்போது, எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் பகுதி நம்மவர்க்கு உடனே நினைவுக்கு வரும். ஆயினும், கலை முழுவதற்கும் பொதுவான விதிகளை மூளையிலிருந்து வருவிக்கும் முயற்சியில் சான்றைவிட ஊகமே மிகுந்திருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. எண்களை நிறங்களாகக் காண்பவர்களைப் பற்றிய நான்காவது உரை இதைவிடப் பன்மடங்கு உறுதியானது.

பேச்சு விரைவானது, ஆங்கில உரைவடிவமும் தளத்திலேயே கிடைப்பதால், அதைக் கண்முன் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.