குன்னூரில் வாசிப்புச் சிரமத்துக்கான பரிசோதனை: போய் வந்த அனுபவம்

என் மகன் இரண்டாம் வகுப்பு. தமிழ்ப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடகடவென்று வாசிப்பான். படத்தைக் கையால் மறைத்தால் அப்படியே நின்றுவிடுவான். இதைக் கவனித்தது அவனுடைய டீச்சர். "கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு, குன்னூர்ல இருக்கற சென்டருக்கும் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார். கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்துப் போனோம்.

பெட்போர்டு பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடத்துகிறார்கள். படிகள் செங்குத்து, மழையில் வழுக்கும். 10 மணிக்கு வரச் சொல்லிவிட்டு 11 மணிக்கு மேல்தான் உள்ளே கூப்பிட்டார்கள். குளிர்காலத்தில் போனால் பிள்ளைக்கு ஸ்வெட்டரோடு ஏதாவது தின்பதற்கும் எடுத்துப் போங்கள்.

உள்ளே இருந்த மேடம் முதலில் புத்தகத்தைத் தொடவே இல்லை. கண், காது பார்த்த சீட்டைக் கேட்டார். எப்போது பேச ஆரம்பித்தான், குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிக்கச் சிரமம் இருந்ததா என்று விசாரித்தார். எங்கள் வீட்டில் தமிழ். பக்கத்து ஹட்டிப் (படுகர் ஊர்) பிள்ளைகளோடு அவன் நாள் முழுக்க அவர்களுடைய படுகு மொழி பேசுவான். 'ரெண்டு பாஷை குழப்புது' என்று சொல்லாத ஆள் இல்லை. ரெண்டு பாஷை பேசுவதால் இந்தச் சிரமம் வராது என்றார் மேடம். ஏதாவது கதை சொல்லச் சொன்னார். தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை வந்த கதையை இவன் நிறுத்தாமல் சொன்னான். பேச்சில் குறையில்லை என்று குறித்துக்கொண்டார்.

அப்புறம் சொல்லின் ஓசைகளைப் பிரித்துக் கேட்கிறானா என்று சோதனை. பட்டம், கட்டம், மரம்: இதில் ஓசை சேராதது எது? 'கடலை'யில் 'க'வை விட்டால் என்ன மிஞ்சும்? இதில்தான் திணறினான். படங்களை வரிசையாக வைத்து வேகமாகப் பெயர் சொல்லச் சொல்லி நேரம் பார்த்தார். கடைசியில் அர்த்தமே இல்லாத சொற்கள்: டுமகி, லேபனு, கொடிசு. மனப்பாடம் இங்கே உதவாது. 'லே'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ பின்னால் வருகிறது. 'கொ'வில் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. அந்த இடங்களில்தான் இவன் சறுக்குகிறான் என்று விரல் வைத்துக் காட்டினார். இத்தனை நாள் 'சோம்பேறி' என்று கேட்டுக்கேட்டு எரிச்சலாக இருந்த எனக்கு, அந்த ஒரு விளக்கத்துக்கே கொடுத்த காசு சரி.

டிஸ்லெக்ஸியா (வாசிக்கவும் எழுத்துக்கூட்டவும் திணறவைக்கும் கற்றல் குறைபாடு) என்று எழுதித் தரவில்லை. அறிகுறி இருக்கிறது, பயிற்சியை இப்போதே தொடங்கலாம், எட்டு வயதில் முழுப் பரிசோதனை செய்யலாம் என்றார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. அரசுச் சான்றிதழ் எல்லாம் அந்த எட்டு வயதுப் பரிசோதனைக்குப் பிறகுதான். "சீட்டே தராத எடத்துக்கு எதுக்கு அண்ணி காசு?" என்று நாத்தனார் கேட்டாள். பயிற்சிக்குச் சீட்டு எதற்கு? அவன் மூன்றாம் வகுப்பில் பின்தங்கும்வரை நான் ஏன் காத்திருக்க வேண்டும்?

எனக்குப் பெரிய குறை, அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. நாலு பக்கம், வாயில் நுழையாத சொற்கள். கேட்ட பிறகு, வீட்டில் செய்ய வேண்டியதை மட்டும் ஒரு பக்கம் தமிழில் கையால் எழுதிக் கொடுத்தார். தினமும் பத்து நிமிடம் சொல்லைத் தட்டித்தட்டிப் பிரிப்பது, மணலில் எழுதிக்கொண்டே ஓசையைச் சொல்வது, உரக்க வாசிக்கச் சொல்லி வகுப்பில் எழுந்து நிற்கவைக்காமல் இருக்க டீச்சரிடம் பேசுவது. கேட்காமலே கொடுத்திருக்கலாம்.

கட்டணம் எங்களைப் போன்றவர்களுக்குக் கனம்தான். முடியாதவர்கள் பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் சொல்லிப் பாருங்கள். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் கற்றல் குறைபாடும் வருகிறது, அதற்குக் காசு கிடையாது.

குன்னூருக்கே போவதென்றால் போன் செய்து காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளை களைத்துவிட்டால் பாதியில் நிறுத்தி இன்னொரு நாள் வரச் சொல்கிறார். அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை.