காளான் பார்கோடு: சாங்கரா, நானோபோரா?

பறித்த காளானைப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஏற்றுவதோடு வட அமெரிக்கக் காளான் சங்கங்கள் நிற்பதில்லை. உலர்த்தி டிஎன்ஏவும் படிக்கின்றன. படிப்பது பெரும்பாலும் ஐடிஎஸ் எனும் டிஎன்ஏ பகுதியை. 2012-இல் பூஞ்சைகளின் பொதுப் பார்கோடாக (இனத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ துண்டாக) முன்மொழியப்பட்ட இது, பல காளான்களில் 500 முதல் 700 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) நீளம். சாங்கர், நானோபோர் என்ற இரு முறைகளில் எதில் படிப்பது என்பதில்தான் தகராறு.

முன்வேலை இரண்டுக்கும் ஒன்றே. 40 டிகிரி செல்சியஸில், படக்கென்று ஒடியும்வரை உலர்த்துங்கள். குடையைப் பிளந்து உள்சதையில் பாதி அரிசியளவு போதும். மேல்தோலில் கிள்ளினால் பூசணமும் கூடவே வரும். அடுத்த மாதிரியைத் தொடுமுன் இடுக்கியைத் தீயில் காட்டுங்கள். பிறகு ஐடிஎஸ்1எஃப், ஐடிஎஸ்4 ப்ரைமர்களோடு (படிக்கவேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) 35 சுற்று பிசிஆர், அதாவது அந்தப் பகுதியைப் பல்கிப் பிரதியெடுப்பது.

பத்துப் பதினைந்து மாதிரிதான் என்றால் சாங்கர் போதும். பிசிஆர் முடிந்த குழாயை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம், கருவி வாங்கும் செலவில்லை. சிக்கல் வேறு: குழாயிலுள்ள எல்லாப் பிரதிகளையும் அது ஒன்றாகவே படிக்கும். ஒரு பிரதியில் ஒரே ஒரு தைமின் காரம் கூடுதலாக இருந்தாலும், வரைபடத்தில் அதுவரை ஒற்றையாக நின்ற சிகரங்கள் அங்கிருந்து கடைசிவரை இரட்டையாகிவிடும். மறுமுனையிலிருந்தும் படித்து ஒட்டலாம். அப்படி இரண்டு இடம் இருந்தால் நடுப்பகுதி போச்சு.

நானோபோர் ஒவ்வொரு இழையையும் தனியே படிக்கும். ப்ரைமர் முனைகளில் அடையாளத் துண்டு சேர்த்து, முன்பக்கம் 10, பின்பக்கம் 96 என்று வைத்தால் 960 மாதிரிகளை ஒரே குழாயில் கலக்கலாம். 512 தடங்கள் கொண்ட மினியான் ஃப்ளோசெல்லுக்கு (நானோபோர் கருவியில் பொருத்தும் படிப்புச் சில்லு) அது பெரிய சுமையில்லை. சிறு தொகுதிக்கு 126 தடங்கள் கொண்ட ஃப்ளாங்கிள் என்ற சிறிய சில்லு இருக்கிறது. ஒரே காரம் வரிசையாக வரும் இடத்தில் எண்ணிக்கை தப்பும் பழைய குறையை ஆர்10.4.1 என்ற சில்லு வகை பெருமளவு குறைத்துவிட்டது. ஐம்பது மாதிரிக்கு மேல் என்றால் எங்கள் ஓட்டு இதற்கே.

ருசுலா என்ற காளான் மேல் ஹைப்போமைசஸ் என்ற ஒட்டுண்ணிப் பூஞ்சை படர்ந்த 'லாப்ஸ்டர்' காளானை எடுத்துக்கொள்ளுங்கள். சாங்கரில் கிடைப்பது குழம்பிய வரைபடம். ருசுலா சேர்ந்த பூஞ்சைப் பிரிவுக்கே உரிய ஐடிஎஸ்4பி ப்ரைமருக்கு மாறினால் ருசுலா மட்டும் தேறலாம். நானோபோரில் இரண்டும் தனித்தனிக் குவியலாக விழும். பெரிய குவியல்தான் காளான் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள். இன்னொரு பொறி: மாதிரிகளை வைக்கும் 96 குழித் தட்டைத் திருப்பி வைத்துவிட்டால் ஏ1 மாதிரி ஹெச்12 ஆகிவிடும். வரிசை பளிச்சென்றிருக்கும், பெயர் மட்டும் தப்பு. படத்தோடு ஒப்பிட்டால்தான் அது பிடிபடும்.

காந்தரெல்லஸ் பேரினக் காளான் வந்தால் இந்தப் போட்டிக்கே இடமில்லை. அதன் ஐடிஎஸ் மிக நீளம். பிசிஆரிலேயே அடிக்கடி தோற்கும். அதற்கு டிஇஎஃப்1 மரபணுவைப் படியுங்கள்.