மயோனைஸா, மஞ்சள் கருவா, பாலா, தயிரா: வீட்டில் க்ரீமி இத்தாலியன் டிரெஸ்ஸிங்

அமெரிக்காவில் உள்ள இத்தாலியன் உணவகங்களில், கேட்ட சாப்பாடு வருவதற்கு முன்னால் பெரும்பாலும் ஒரு பெரிய சாலட் கிண்ணம் மேசைக்கு வந்துவிடும். ஐஸ்பெர்க் லெட்டூஸ், தக்காளி, வளையமாக நறுக்கிய சிவப்பு வெங்காயம், கறுப்பு ஆலிவ், வினிகரில் ஊறிய மஞ்சள் மிளகாய், மேலே மொறுமொறு ரொட்டித் துண்டுகள். 1982இல் ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோவில் முதல் கடையைத் திறந்த ஆலிவ் கார்டன், கேட்கக் கேட்க நிரப்பிக் கொடுத்து இந்தக் கிண்ணத்தைப் பிரபலமாக்கியது. பலரும் இரண்டாவது கிண்ணம் கேட்பது இலைக்காக இல்லை. அதன்மேல் மெல்லிசாகப் பூசியிருக்கும், புளிப்பும் பூண்டும் சிறு இனிப்பும் கலந்த அந்த வெள்ளை டிரெஸ்ஸிங்குக்காகத்தான்.

இத்தாலியில் போய் இதைத் தேடினால் கிடைக்காது. அங்கே சாலட்டுக்கு ஆலிவ் எண்ணெய், வினிகர், உப்பு, அவ்வளவுதான். உப்பு போட ஒரு விவேகி, வினிகர் ஊற்ற ஒரு கஞ்சன், எண்ணெய் ஊற்ற ஒரு ஊதாரி, கலக்க ஒரு பைத்தியக்காரன் வேண்டும் என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. பாட்டிலில் வரும் ‘இத்தாலியன் டிரெஸ்ஸிங்’ அமெரிக்கச் சரக்கு. அதில் மிகப் பெயர்பெற்ற விஷ்போன், 1940களில் கான்சஸ் சிட்டியில் நடந்த ஓர் உணவகத்திலிருந்து வந்தது. க்ரீமி வகை அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆகவே ‘அசல் இத்தாலிய முறை எது’ என்ற கேள்வியை விட்டுவிடலாம். அந்த உணவகச் சுவையை வீட்டில் எது கொண்டுவருகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

நான்கு வழிகளையும் பலமுறை செய்துபார்த்திருக்கிறேன். ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக மசாலாவை மாற்றவில்லை. அரை கப் அடிப்படைக்கு (மயோனைஸோ தயிரோ, எதுவானாலும்): வெள்ளை வினிகர் 2 டேபிள்ஸ்பூன், துருவிய பார்மசான் சீஸ் 2 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், சின்னப் பூண்டுப்பல் ஒன்று, காய்ந்த ஓரிகானோ அரை டீஸ்பூன், காய்ந்த பேசில் கால் டீஸ்பூன், உப்பும் மிளகுத்தூளும் தலா கால் டீஸ்பூன், சில்லி ஃபிளேக்ஸ் ஒரு சிட்டிகை. பூண்டை நேராக வினிகருக்குள் துருவி, பத்து நிமிடம் விடுங்கள். பூண்டின் நெடியை உண்டாக்கும் நொதியைப் புளிப்பு அடக்கிவிடும். பூண்டு மணம் இருக்கும், மறுநாள்வரை வாயில் நிற்கும் அந்தக் காட்டம் இருக்காது.

முதல் வழி, கடையில் வாங்கும் மயோனைஸ். அரை கப் மயோனைஸில் மேலே சொன்னதையெல்லாம் சேர்த்து, ஒரு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெயும் இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரும் விட்டு அடித்தால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. ஆனால் இதைச் சோம்பேறி வழி என்று ஒதுக்கக் கூடாது. உணவகச் சுவைக்கு மிக அருகில் வருவது இதுதான். எண்ணெயும் வினிகரும் தாமாக ஒட்டாது. முட்டை மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின்தான் எண்ணெயை நுண்துளிகளாகப் பிடித்து நிறுத்துகிறது. மயோனைஸில் அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது, அதுவும் வீட்டுக் கரண்டி எட்ட முடியாத அளவு நுணுக்கமாக. அமெரிக்க விதிப்படி மயோனைஸ் என்று பெயர் போட வேண்டுமானால் எடையில் குறைந்தது 65 சதவீதம் தாவர எண்ணெய் இருக்க வேண்டும். அந்த எண்ணெய்தான் இலையைப் போர்த்துகிறது, நாக்கில் வழுக்குகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. லேபிளைப் படித்து வாங்குங்கள். எண்ணெய் குறைத்து மாவும் சர்க்கரையும் ஏற்றிய வகைகள் பல இருக்கின்றன. அவற்றைப் போட்டால் டிரெஸ்ஸிங் இனித்துக்கிடக்கும், இலையில் ஒட்டாமல் கட்டியாக உட்காரும். அப்படிப்பட்டதுதான் கையில் இருக்கிறதென்றால் சர்க்கரையை அடியோடு விட்டுவிட்டு வினிகரைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இரண்டாவது, பச்சை மஞ்சள் கருவை நாமே அடிப்பது. ஒரு கருவுக்கு முக்கால் கப் எண்ணெய், முதலில் சொட்டுச் சொட்டாக, அப்புறம் நூலாக. சுவை அருமை, சந்தேகமே இல்லை. ஆனால் இவ்வளவு பூண்டும் ஓரிகானோவும் பார்மசானும் ஏறிய பிறகு, அந்த அருமை எங்கே தெரிகிறது? கண்ணை மூடிச் சாப்பிட்டபோது என்னால் முதல் வழியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. சால்மொனெல்லா கிருமி பயம் வேறு. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பச்சை முட்டை வேண்டவே வேண்டாம். இதற்குப் போடும் உழைப்பை வேறு பண்டத்துக்குப் போடலாம் என்பது என் முடிவு.

மூன்றாவதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. பால் மயோனைஸ். இத்தாலியிலேயே இதற்கு ‘லத்தோனேஸே’ என்று பெயர் இருக்கிறது. முட்டை கிடையாது. 100 மில்லி முழுக்கொழுப்புப் பால், 200 மில்லி சூரியகாந்தி எண்ணெய், இரண்டும் ஒரே குளிர்ச்சியில் இருக்கட்டும். உயரமான, குறுகலான ஜாடியில் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரை அடியில் அழுத்தி வைத்து ஓடவிடுங்கள். முதல் பத்து நொடிக்குத் தூக்கவே கூடாது. அடியிலிருந்து வெள்ளையாகத் திரண்டு வருவது கண்ணுக்குத் தெரியும். அதன்பிறகு மெதுவாக மேலே தூக்கினால் முழுவதும் கெட்டிப்படும். லெசித்தின் செய்த வேலையை இங்கே பாலின் புரதம் செய்கிறது. கெட்டியான பிறகுதான் வினிகர் சேர வேண்டும், முதலிலேயே ஊற்றினால் பால் திரிந்துபோகும்.

ஆலிவ் எண்ணெய்தானே உசத்தி என்று எக்ஸ்ட்ரா வெர்ஜினை இதில் ஊற்றிவிடாதீர்கள். பிளெண்டரின் வேகத்தில் அது கசக்கும். நான் ஒரு முறை முழு ஜாடியையும் கொட்ட வேண்டியிருந்தது. மணத்துக்கு ஒரு ஸ்பூன் வேண்டுமென்றால் கடைசியில் கரண்டியால் கலந்துகொள்ளலாம். மயோனைஸ் டிரெஸ்ஸிங்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் வெள்ளை, வாயில் இன்னும் லேசு, முட்டையின் வாடை துளியும் இல்லை. குறை என்றால் ஆயுள். மயோனைஸ் டிரெஸ்ஸிங் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும், இதை மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.

முட்டை சாப்பிடாதவர்கள் பாலோடு நிறுத்திக்கொள்ளாமல் சீஸையும் கவனிக்க வேண்டும். இத்தாலியிலிருந்து வரும் அசல் பார்மசானான பார்மிஜானோ ரெஜானோவில், பாலைத் திரிய வைக்க கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதி கட்டாயம் இருக்கும், அது அவர்களுடைய விதி. நுண்ணுயிரி ரென்னெட்டில் செய்த சைவ வகைகள் தனியாக விற்கின்றன, பச்சைப் புள்ளி பார்த்து வாங்கலாம்.

நான்காவது தயிர். கொழுப்பு குறையும் என்று எல்லோரும் முதலில் கை நீட்டுவது இதற்குத்தான், ஏமாறுவதும் இதில்தான். தயிரைக் கலக்கிய மறுகணமே அதன் கட்டு உடைந்துவிடுகிறது. உப்பும் வினிகரும் சேர்ந்தால் தண்ணீர் பிரிந்து, கிண்ணத்தின் அடியில் மோர்க்குளம். வெள்ளைத் துணியில் நான்கு மணி நேரம் தொங்கவிட்டு வடித்த தயிர் என்றால் நிற்கும். அதிலும் புளிப்பு ஏற்கெனவே இருப்பதால் வினிகரைப் பாதியாகக் குறைத்து, இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் நல்ல டிரெஸ்ஸிங்தான், வெள்ளரிக்காய்க்கு நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் அந்த உணவக கிண்ணத்தின் சுவை இதில் வராது. தயிரின் புளிப்பு தனிக்குணம் உள்ளது, ஓரிகானோவைத் தாண்டி முன்னால் வந்து நிற்கும். இரண்டு பங்கு மயோனைஸுக்கு ஒரு பங்கு வடித்த தயிர் என்று கலந்தால் மட்டும் அந்தக் குணம் அடங்குகிறது. கொழுப்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இந்தக் கலவையைத் தைரியமாகச் சொல்வேன்.

பாட்டில் டிரெஸ்ஸிங் மாதக்கணக்கில் பிரியாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சாந்தன் கம். அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் ஒரு பாக்டீரியாவிலிருந்து கண்டெடுத்த பசை அது. வீட்டில் மூன்று நாளில் தீரப்போகிற டிரெஸ்ஸிங்குக்கு அது தேவையில்லை.

எதைச் செய்தாலும் உடனே ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். காய்ந்த ஓரிகானோவும் பேசிலும் ஊறி மணம் விட இரண்டு மணி நேரம் வேண்டும். அப்புறம் இலை. கழுவிய லெட்டூஸைத் துணியில் ஒற்றி, சொட்டு ஈரம் இல்லாமல் எடுங்கள். ஈர இலையில் எந்த டிரெஸ்ஸிங்கும் வழிந்து கீழே போய்விடும். நான்கு பேருக்கான கிண்ணத்துக்கு முதலில் 4 டேபிள்ஸ்பூன் விட்டு, கையாலேயே புரட்டிப் பார்த்து, இலை பளபளக்கவில்லை என்றால் மட்டும் இன்னும் ஒன்று. ரொட்டித் துண்டுகளைச் சாப்பிட உட்கார்ந்த பிறகு தூவுங்கள்.