மண்டபத்தில் மாலை ஏழரை மணி: போட்டோ பூத் கருவிகள், ஓர் ஒப்பீடு

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் என்று இந்தச் சுற்றுவட்டாரத்துக் கல்யாண மண்டபங்களுக்குப் போட்டோ பூத், அதாவது விருந்தினர் நின்று படம் எடுத்து அங்கேயே வாங்கிக்கொள்ளும் அமைப்பு, எடுத்துச் செல்வது என் தொழில். இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்தக் கேமராவில் படம் நன்றாக வரும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்தக் கருவி ஏழரை மணியைத் தாங்கும் என்று கேட்டால் இன்னும் பயனுள்ள பதில் கிடைக்கும். வரவேற்பு நிகழ்ச்சியில் ஆறரை மணிக்குப் பூத்தைத் திறந்து வைத்தால் ஒரு மணி நேரம் குழந்தைகள் மட்டுமே தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு விளையாடுவார்கள். ஏழரைக்கு மேல், மேடையில் மொய் எழுதிவிட்டு இறங்குகிறவர்களும் பந்தியை முடித்துவிட்டு வருகிறவர்களும் ஒரே நேரத்தில் வந்து சேர, எட்டரை வரை வரிசை குறையாது. அந்த ஒரு மணி நேரத்தை அளவுகோலாக வைத்தே கீழே உள்ள ஒவ்வொன்றையும் எடை போட்டிருக்கிறேன்.

முதலில் பிரிண்டர். நம் பக்கத்தில் மூன்று வகை புழங்குகின்றன: டிஎன்பி ஆர்எக்ஸ்1 எச்எஸ் போன்ற ரோல் வகை டை-சப்ளிமேஷன் பிரிண்டர், கேனான் செல்ஃபி சிபி1500 போன்ற கையடக்க டை-சப்ளிமேஷன் பிரிண்டர், இங்க் டேங்க் வைத்த இங்க்ஜெட் பிரிண்டர். முதல் இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றே. ரிப்பனில் உள்ள மஞ்சள், மெஜந்தா, சயான் சாயங்கள் வெப்பத்தால் ஒவ்வொன்றாகத் தாளில் ஏறுகின்றன. கடைசியாக ஒரு பாதுகாப்புப் படலம் ஒட்டுகிறது. வெளியே வரும்போதே படம் உலர்ந்திருக்கும். வேறுபாடு வேகத்தில்தான் இருக்கிறது. 4×6 அங்குலப் படம் ஒன்றுக்கு ஆர்எக்ஸ்1 எச்எஸ் ஏறக்குறைய 12 நொடியும், சிபி1500 ஏறக்குறைய 41 நொடியும் எடுத்துக்கொள்கின்றன.

இந்த 29 நொடி வேறுபாடு வீட்டில் சோதித்துப் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. மண்டபத்தில் ஒரு குழு வந்து நின்று, சிரித்து, மூன்று படம் எடுத்துக்கொண்டு விலக ஒரு நிமிடம் ஆகிறது என்றும், குழுவுக்கு இரண்டு பிரதி கொடுக்கிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். ரோல் பிரிண்டர் ஏறக்குறைய 25 நொடியில் வேலையை முடித்துவிட்டு அடுத்த குழுவுக்காகக் காத்திருக்கும். செல்ஃபி சிபி1500 பிரிண்டருக்கு 82 நொடி தேவைப்படுவதால் ஒவ்வொரு குழுவுக்கும் 22 நொடி பின்தங்கும். ஐம்பதாவது குழு முடியும்போது படங்கள் பதினெட்டு நிமிடம் பின்னால் இருக்கும். படம் எடுத்துக்கொண்டவர் அதற்குள் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு ஆற்காடு பேருந்தில் ஏறியிருப்பார். செல்ஃபி பிரிண்டரின் தாள் தட்டு 18 தாள்தான் கொள்ளும், ரிப்பன் கேசட் வகையைப் பொறுத்து 36 அல்லது 54 படத்துக்குத்தான் வரும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒரு ஆள் அதன் பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டிவரும். ரோல் பிரிண்டரில் ஒரு ரோலுக்கு 700 படம். ஆனால் அதன் விலையும் 14 கிலோ எடையும் லேசில் ஒதுக்கக்கூடியவை அல்ல. ஐம்பது பேர் கூடும் சீமந்தத்துக்கோ காதுகுத்துக்கோ போகும்போது நானே செல்ஃபி பிரிண்டரைத்தான் பையில் போட்டுக்கொள்கிறேன்.

இங்க்ஜெட்டைப் பொறுத்தவரை, ஒரு படத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பது உண்மையே. ஆனால் வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து வரவேற்கும் ஊரில், ஈரக் கையோடு வாங்கும் படத்தில் மை இழுபடும். டேங்க் நிறைய மையோடு பிரிண்டரைக் காரில் சாய்த்து எடுத்துச் சென்றால் குழாயில் காற்று புகுந்து, போய் இறங்கியதும் படத்தில் கோடு விழும். கடையில் வைத்து அச்சடிக்க அது நல்ல கருவி. ஊர் ஊராகத் தூக்கிச் செல்ல ஏற்றதன்று.

அடுத்தது மின்சாரம். இதில்தான் பெரும்பாலோர் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வருடம் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கி மடிக்கணினியை அதில் மாட்டினேன்; பிரிண்டரை மண்டபத்தின் பிளக்கில் நேரடியாக மாட்டினேன். குடியாத்தம் சாலையில் ஒரு மண்டபத்தில் எட்டு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஆள் சுவிட்சை மாற்றிப் போட அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் பிரிண்டருக்குள் மஞ்சள் மட்டும் ஏறிய தாள் ஒன்று பாதியில் நின்றுவிட்டது. கதவைத் திறந்து தாளை இழுத்தபோது ரிப்பன் அறுந்தது. அறுந்த இரு முனைகளையும் செல்லோ டேப்பால் ஒட்டி, பயன்பட்ட பகுதியைச் சுற்றிவிட்டு மறுபடி ஓடவைக்க இருபது நிமிடம் பிடித்தது. மணப்பெண்ணின் பெரியப்பா பக்கத்திலேயே நின்று, "என்னப்பா, பொட்டி படுத்துக்கிச்சா?" என்று ஐந்தாறு தடவை கேட்டுவிட்டார்.

மடிக்கணினிக்கு உள்ளேயே பேட்டரி இருக்கிறது, கேமராவுக்கும் இருக்கிறது. இல்லாதது பிரிண்டருக்கு மட்டும்தான். எனவே யூபிஎஸ் முதலில் தேவைப்படுவது பிரிண்டருக்கே. சிறிய 600 விஏ யூபிஎஸ்ஸா, 1 கேவிஏ (1000 விஏ) யூபிஎஸ்ஸா என்று கேட்டால், சற்றும் தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன். சாயத்தைத் தாளில் ஏற்றும் வெப்பத் தலை சூடேறும்போது பிரிண்டர் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும். சிறிய யூபிஎஸ் அதைத் தாங்காமல் அப்போதே கீச்சிட்டு அணைந்துவிடக்கூடும். விஏ என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் உள்ள வாட் எண்ணைப் பிரிண்டரின் பின்புறத்து லேபிளோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். சீரியல் லைட்டும் பாட்டுக் கச்சேரியும் ஓடும் அதே ஜங்ஷன் பாக்ஸில் பூத்தை மாட்டாமல், எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லித் தனி இணைப்பு வாங்குவதும் இதோடு சேர்ந்ததே.

கேமராவா டேப்லெட்டா என்ற விவாதத்தில் மெகாபிக்சலைப் பேசுவது வீண். 4×6 அங்குலத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 1800×1200 புள்ளிகள், அதாவது 22 லட்சத்துக்குள் போதும். இன்றைய டேப்லெட் எதுவும் அதைவிடப் பல மடங்கு தரும். உண்மையான வேறுபாடு வெளிச்சத்தில் இருக்கிறது. டேப்லெட் தானாகவே வெளிச்சத்தைக் கணிக்கும். பின்னால் டெகரேஷன் விளக்கு நிறம் மாறும்போதெல்லாம் முகத்தின் நிறமும் மாறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. சில நேரம் படத்தில் குறுக்குப் பட்டை விழுவதற்கு அதுதான் காரணம். டிஎஸ்எல்ஆர் கேமராவில் எல்லாவற்றையும் கையால் பூட்டி வைக்கலாம். பிளாஷ் இல்லாமல் எடுப்பதானால் ஷட்டரை நொடியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் பட்டை பெரும்பாலும் மறையும். ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) உள்ள கேமராவில் லென்ஸை 24 மி.மீ. குவியத் தூரத்தில் வைத்து, எஃப்8 துளையில், இரண்டு மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸை நிறுத்தி வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிட்டால், ஏறக்குறைய 1.3 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை நிற்கும் எல்லோரும் தெளிவாக வருவார்கள். தரையில் இன்னொரு டேப் ஒட்டி, பாட்டியையும் பேரனையும் அதன் மேல் நிற்கச் சொன்னால் போதும்.

டிஎஸ்எல்ஆரின் குறை அதன் சில்லறைத் தேவைகள். லைவ் வியூவில் (திரையில் காட்சி ஓடிக்கொண்டே இருக்கும்போது) பேட்டரி சீக்கிரம் தீர்வதால் டம்மி பேட்டரி போட்டு நேரடி மின்சாரம் கொடுக்க வேண்டும். தானாக அணையும் அமைப்பை நிறுத்த வேண்டும். யுஎஸ்பி கேபிளை யாரும் இடறாதபடி ஒட்ட வேண்டும். டேப்லெட்டில் இவை எதுவும் இல்லை. ஒரே ஆள் ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம். ஐபேடில் கைடட் ஆக்ஸஸைப் போட்டுவிட்டால் குழந்தைகள் வேறு எதையும் திறக்கவும் முடியாது. ஆனால் வெயிலூர் என்று நாமே கேலி செய்துகொள்ளும் ஊரில் ஒன்றை மறக்கக்கூடாது: ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்ப வரம்பு 35 டிகிரி செல்சியஸ். சித்திரை, வைகாசியில் நம் பகல் 40 டிகிரியைத் தாண்டும். பந்தலுக்கு வெளியே நிறுத்திய டேப்லெட் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு ஓய்வெடுக்கப் போய்விடும். டை-சப்ளிமேஷன் பிரிண்டர்களும் சூட்டுக்கு விலக்கல்ல. வெப்பத் தலை அதிகம் சூடானால் ஆற்றிக்கொள்ள இடையில் நிற்கும். காலை விருந்துக்குத் திறந்தவெளியில் பூத் கேட்டால் நிழலும் பெடஸ்டல் ஃபேனும் கொடுப்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

தாளில் கொடுப்பதா, க்யூஆர் கோடில் கொடுப்பதா என்பதற்கு இடமே விடை சொல்லிவிடும். விஐடியின் ரிவேரா போன்ற கல்லூரி விழாவில் மாணவர்களுக்குத் தாள் வேண்டியதில்லை. அடுத்த நிமிடமே ஸ்டேட்டஸில் ஏற வேண்டும். அங்கே டேப்லெட்டும் க்யூஆரும் டிஎஸ்எல்ஆரைத் தோற்கடிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் கைப்பேசிகள் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போது படம் மேலே ஏறாமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கிராமத்திலிருந்து வந்த பெரியவர்கள் கையில் தாளாக வாங்கினால்தான் படம் எடுத்ததாகவே ஒப்புக்கொள்வார்கள்.

இப்போது எல்லோரும் கேட்கும், மேடையில் நிற்பவரைச் சுற்றிக் கேமரா சுழன்று வீடியோ எடுக்கும் 360 டிகிரி மேடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீடியோ அழகாக இருக்கும். ஆனால் பட்டுப்புடவையோடு மேடையில் ஏறி இறங்குவதற்கே நேரம் பிடிக்கும், சுழலும் கையிலிருந்து குழந்தைகளை விலக்க ஓர் ஆள் தனியாக வேண்டும், வரிசை நகராது. கூடுதலாக வைக்கலாமே தவிர, பூத்துக்கு மாற்றாக அதை நான் வைப்பதில்லை.

ஆகவே மண்டபத்துக்கு டிஎஸ்எல்ஆர், ரோல் பிரிண்டர், 1 கேவிஏ யூபிஎஸ் ஆகிய மூன்றும் போகின்றன. கல்லூரிக்கு டேப்லெட் போகிறது. மண்டபத்தில் ஏழு மணிக்குப் பிரிண்டரின் எண்ணிக்கையை ஒருமுறை பார்த்துவிடுகிறேன். ரோலில் 150 படத்துக்குக் குறைவாக மீதி இருந்தால், வரிசை சேருவதற்கு முன்பே புது ரோலையும் ரிப்பனையும் மாட்டிவிடுகிறேன். மாட்டும்போது இரண்டொரு தாள் வீணாகும். கழற்றிய ரோலை அதன் ரிப்பனோடு சேர்த்துக் கட்டி, தூசி படாமல் பையில் போட்டு, அடுத்து வரும் சிறிய வேலைக்கு வைத்துக்கொள்கிறேன்.